வேற்று நாட்டில் உறவானவர்: கர்னல் ஆல்காட்டின் வரலாறு

பிறந்த நாட்டை விட்டுப் பிற நாடு செல்லும் மனிதன், அங்குள்ள மக்களோடு எவ்வாறு கலந்து வாழ்தல் வேண்டும் என்பது பழமையானதொரு வினா. ஊரோடு ஒத்து வாழவேண்டும் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். ஆனால் ஒத்து வாழ்தல் என்பது யாது? உடையை மாற்றிக்கொள்வதா? உணவை மாற்றிக்கொள்வதா? தான் யார் என்பதை மறைத்துக்கொண்டு கூட்டத்தில் ஒருவனாக நிற்பதா? அன்றி, அவ்வூராரின் இன்ப துன்பங்களைத் தன்னுடையனவாக ஏற்று உழைப்பதா? தமிழகத்தை விட்டுத் தொழில் நாடி ஐதராபாத்துக் காஞ்சன்பாக்கில் குடியேறி, தெலுங்கும் உருதும் பேசுவோரிடையே வாழ்ந்துவரும் நம்போன்றோர்க்கு இஃது ஏட்டு வினா அன்று. நாள்தோறும் எதிர்ப்படும் வினா.

இதற்கு விடை தேடுவோர் கற்றறிய வேண்டிய வாழ்க்கை ஒன்று உண்டு. அமெரிக்காவில் பிறந்து, இலங்கையில் பஞ்சசீலம் ஏற்று, சென்னை அடையாற்றில் உயிர் நீத்த கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் என்பாரின் வாழ்க்கையே அது. தமிழ்ப் பௌத்தர்களாகிய நாம் நன்றியுடன் நினைக்கக் கடமைப்பட்ட பெயர்களுள் அவர் பெயரும் ஒன்று. எனினும் நன்றி என்பது குறைகளைக் காணாமல் கண்ணை மூடிக்கொள்வதன்று. ஆகவே அன்னாரின் வரலாற்றை நிறையும் குறையுமாகவே ஈண்டுக் கூறுவோம்.

பிறப்பும் இளமையும்

ஆல்காட் 1832-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2-ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாட்டின் நியூஜெர்சி மாநிலத்தில் ஆரஞ்சு என்னும் ஊரில் பிறந்தார். குடும்பம் கிறிஸ்தவத்தில் பிரஸ்பிடேரியன் சபையைச் சார்ந்தது. நியூயார்க்கில் கல்லூரிப் படிப்பைத் தொடங்கிய காலத்தில் தந்தையாரின் வணிகம் நொடித்தது. படிப்பு நின்றது. இளைஞர் ஒஹையோ மாநிலத்துக்குச் சென்று பிறர் நிலத்தைப் பங்குக்கு உழுதார்.

ஏர் பிடித்த கையே பின்னர் எழுதுகோலையும் பிடித்தது. நாட்டுக்குப் புதிதாக வந்த சர்க்கரைச் சோளப் பயிரைப் பற்றி 1857-இல் அவர் எழுதிய நூல் நல்ல பெயரைத் தந்தது. நியூயார்க் டிரிப்யூன் என்னும் பத்திரிகையில் வேளாண்மைப் பகுதிக்கு ஆசிரியரானார். நிலத்தில் கற்றதை நூலாக்கியவர் என்பதால், கல்லூரிப் பட்டம் இன்மை அவருக்கு ஒரு தடையாகவில்லை.

மாறுவேடத்தில் ஒரு நாள்

அப்பத்திரிகைப் பணியிலிருந்த காலத்தில் நிகழ்ந்த ஒன்று, நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு மிகவும் ஏற்றது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டு வந்த காலம் அது. ஜான் பிரௌன் என்னும் வெள்ளையர் ஒருவர் அடிமைகளை விடுவிக்கும் நோக்கத்துடன் 1859-ஆம் ஆண்டு அக்டோபரில் அந்நாளில் வெர்ஜீனியாவைச் சேர்ந்திருந்த ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதசாலையைத் தாக்கினார். பிடிபட்டார், தூக்குத் தண்டனை விதிக்கப்பெற்றார். டிரிப்யூன் பத்திரிகை அடிமை முறையை எதிர்ப்பது. அதன் நிருபர் எவரும் அந்த ஊர்ப்பக்கம் தலைகாட்ட முடியாத நிலை.

ஆல்காட் என்ன செய்தார்? காவலுக்குச் செல்லும் வெர்ஜீனியாப் படைப்பிரிவொன்றில் சேர்ந்துகொண்டார். அவர்களுடைய சீருடையை அணிந்தார். அவர்களுள் ஒருவராக அணிவகுத்து நின்றார். 1859 டிசம்பர் 2-ஆம் நாள் ஜான் பிரௌன் தூக்கிலிடப்பட்டபோது அருகில் நின்ற வீரர்களின் வரிசையில் ஆல்காட்டும் நின்று, கண்டவற்றைத் தம் பத்திரிகைக்கு எழுதினார்.

அன்பர்களே, இதுவும் ஒருவகைக் கலப்புத்தான். உடை ஒத்தது, நடை ஒத்தது, ஊரார் ஐயுறவில்லை. ஆனால் உள்ளம் எங்கோ இருந்தது. தன்னை மறைத்துக்கொண்டவன் கண்ணால் காணலாம், காதால் கேட்கலாம், தூக்குமரத்தடியில் நிற்கும் ஒருவனுக்கு ஆறுதலாக ஒரு சொல் சொல்லவும் அவனால் இயலாது. மாறுவேடம் உயிரைக் காக்கும், உறவைத் தராது. இந்நிகழ்ச்சியை நினைவில் நிறுத்திக்கொண்டு மேலே செல்வோம்.

போரும் புதிய தேட்டமும்

1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. ஆல்காட் வடபுலத்துப் படையில் சேர்ந்தார், நோயுற்றுத் திரும்பினார். பிறகு போர் இலாகாவுக்குப் பண்டங்கள் விற்பதில் ஒப்பந்தக்காரர்கள் செய்த மோசடிகளை விசாரிக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அஞ்சாமல் விசாரித்துக் குற்றவாளிகளைத் தண்டனைக்கு உள்ளாக்கினார். கர்னல் என்னும் பட்டம் இப்பணியினால் வந்தது. 1865-இல் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் கொலையுண்டபோது புலன் விசாரணை செய்த குழுவிலும் அவர் இடம்பெற்றார். போர் முடிந்தபின் நியூயார்க்கில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார்.

பொருளும் புகழும் வந்தன; உள்ளத்தில் அமைதி வரவில்லை. 1860-இல் மணந்த மனைவியாருடன் வாழ்வு பொருந்தாமல் 1874-இல் மணவிலக்கு நேர்ந்தது. நான்கு மக்களுள் இருவர் குழந்தைப் பருவத்திலேயே மாண்டனர். அதே 1874-இல், ஆவிகளைப் பற்றிய செய்திகளை ஆராயச் சென்ற இடத்தில் இரஷ்ய நாட்டு மாதரசியாகிய பிளாவட்ஸ்கி அம்மையாரைச் சந்தித்தார். இருவரும் பிறருடன் கூடி 1875 நவம்பரில் நியூயார்க்கில் பிரம்மஞான சங்கத்தை நிறுவினர். ஆல்காட் அதன் தலைவரானார். இறுதிநாள்வரை அவரே தலைவர்.

1870-இல் கடற்பயணமொன்றில் அறிமுகமான பம்பாய்க்காரர் மூல்ஜி தாக்கர்சி என்பவருடன் பின்னர் கடிதத் தொடர்பு ஏற்பட்டது. அதன் வழியாக இந்திய அறிஞர்களின் தொடர்பும், இலங்கைப் பிக்குகளின் தொடர்பும் வளர்ந்தன. 1873-இல் இலங்கைப் பாணந்துறையில் குணானந்த தேரர் கிறிஸ்தவப் பாதிரிமாருடன் நிகழ்த்திய பெரும் வாதத்தின் செய்தி அமெரிக்காவரை எட்டி ஆல்காட்டின் உள்ளத்தைக் கவர்ந்தது. 1878 டிசம்பரில் அவர் தம் நாட்டை விட்டுக் கப்பலேறினார். வயது நாற்பத்தாறு. வளர்ந்துவந்த இரு மைந்தரையும் விட்டுச் சென்றார் என்பதை இங்கே சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது.

பம்பாயில் முதற் பாடம்

1879 பிப்ரவரி 16-ஆம் நாள் கப்பல் பம்பாய்த் துறையை அடைந்தது. கரையேறியவுடன் ஆல்காட் குனிந்து துறையின் கற்படியை முத்தமிட்டார். வெள்ளையர் வாழும் பகுதியை நாடாமல், இந்தியர் நெருங்கி வாழும் கீர்காம் பகுதியில் குடிபுகுந்தார். ஆளும் இனத்தாரின் நிறத்தை உடைய ஒருவர் ஆளப்படுவோரின் தெருவில் குடியிருப்பது அந்நாளில் காணக்கிடைக்காத காட்சி.

ஆனால் முதல் மாதங்களிலேயே இரண்டு அடிகள் விழுந்தன. கடிதத்தில் அன்பு பொழிந்து வரவேற்ற நண்பர் ஒருவர், வீட்டு வாடகை, உணவு முதலியவற்றோடு வரவேற்புக்கான செலவையும் சேர்த்துப் பெரியதொரு கணக்கை நீட்டினார். தொலைவில் இருந்து நேசித்த நாடு வேறு. காலடி வைத்த நாடு வேறு என்பது அன்று தெரிந்தது. இரண்டாவது அடி அரசாங்கத்திடமிருந்து வந்தது. இந்தியரோடு இவ்வளவு நெருங்கிப் பழகும் அமெரிக்கரும், உடன் வந்த இரஷ்ய அம்மையாரும் ஒற்றர்களாகவே இருக்கவேண்டும் என்று ஆங்கில அரசு ஐயுற்றது. போலீசார் நிழல்போல் பின்தொடர்ந்தனர்.

காண்மின் இவ்விந்தையை! அன்று வெர்ஜீனியாவில் உண்மையாகவே வேடமிட்டு நின்றபோது ஒருவரும் ஐயுறவில்லை. இன்று வேடமின்றித் தன் பெயரும் தன் நாடும் சொல்லி வெளிப்படையாக வாழ்ந்தபோது ஒற்றன் என்றனர். ஆல்காட் ஒளியவில்லை. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஹேய்ஸ் கொடுத்திருந்த அறிமுகக் கடிதம் அவரிடம் இருந்தது. சிம்லா சென்று அதிகாரிகளிடம் தம் நிலையை எடுத்துரைத்தார். 1880-இல் அந்தக் கண்காணிப்பு நீக்கப்பட்டது.

காலியில் பஞ்சசீலம்

1880 மே மாதம் அவர் இலங்கை சென்றார். அக்காலத்து இலங்கையில் பௌத்தர் பெரும்பான்மையோராயிருந்தும், பள்ளிக்கூடங்களில் மிகப் பெரும்பாலானவை பாதிரிமார் கையில் இருந்தன. அரசு வேலை வேண்டுவோன் கிறிஸ்தவப் பெயர் சூடிக்கொள்வது வழக்கமாயிருந்தது. ஆளுவோரைப் போல் தோன்றினால்தான் வாழ்வு என்று சிங்களர் பலர் தம் மரபை மறைத்துக்கொண்டிருந்த காலம் அது.

1880 மே 25-ஆம் நாள், காலி நகரத்து விஜயானந்த விகாரையில் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கி அம்மையாரும் பிக்குவின் முன் மண்டியிட்டனர். தேரர் பாலியில் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவரைப் பின்பற்றித் திரிசரணத்தையும் பஞ்சசீலத்தையும் சொல்லி மலர் சாத்தி வணங்கினர். கூடியிருந்த மக்கள் எழுப்பிய சாது முழக்கம் விகாரையை அதிரச் செய்தது. அவர் அமெரிக்காவிலேயே தம்மைப் பௌத்தர் என்று சொல்லிக்கொண்டவர்தாம். எனினும் மக்கள் முன்னிலையில், அவர்கள் முறைப்படி, அவர்கள் மொழியில் ஏற்பது வேறு. எவரைப் போல் ஆகவேண்டும் என்று மக்கள் ஏங்கினார்களோ, அந்த வெள்ளையர் கூட்டத்தில் ஒருவர் அம்மக்கள் கைவிடத் துணிந்த தம்மத்தின் முன் தலைவணங்கினார். இழந்த தன்மதிப்பை அந்த ஒரு காட்சி மீட்டுக் கொடுத்தது.

அவர் சிங்களத்தில் புலமை பெறவில்லை. மொழிபெயர்ப்பாளர் துணைகொண்டே பேசினார். 1886-இல் அவருடன் ஊர் ஊராகச் சென்று மொழிபெயர்த்த இளைஞரே பின்னாளில் உலகறிந்த அநகாரிக தர்மபாலர். மாட்டு வண்டியொன்றைப் படுக்கவும் உண்ணவும் எழுதவும் ஏற்றவாறு ஆல்காட் தாமே அமைத்துக்கொண்டார். ரயில் செல்லாத சிற்றூர்களுக்கெல்லாம் அந்த வண்டியில் சென்று, பௌத்தப் பள்ளிகளுக்காக நிதி திரட்டினார்.

1881-இல் வினா விடை வடிவில் பௌத்த வினாவிடை என்னும் சிறு நூலை இயற்றினார். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அது வெளிவந்தது. தாமே எழுதிவிட்டோம் என்று அச்சுக்கு அனுப்பாமல், வித்தியோதய பிரிவேனாவின் தலைவராகிய இக்கடுவை சுமங்கல மகாநாயக தேரரிடம் சமர்ப்பித்தார். நிர்வாணத்தைப் பற்றிய இடத்தில் கருத்து வேற்றுமை எழுந்து நூலே நின்றுவிடும்போல் ஆயிற்று. தேரர் ஒப்பும்வண்ணம் திருத்திய பின்னரே வெளியிட்டார். ஒரு நாட்டாரின் அறத்தைப் பற்றி எழுதும் அயலான் அந்நாட்டுப் பெரியோரின் ஒப்புதலைப் பெறவேண்டும் என்னும் நெறி போற்றத்தக்கது.

1883-இல் கொழும்புக் கொட்டாஞ்சேனையில் பௌத்தர் ஊர்வலம் தாக்கப்பட்டு நீதி கிடைக்காதபோது, பௌத்தர்களின் வேண்டுகோளை ஏந்தி 1884-இல் இலண்டன் சென்றார். 1885 முதல் வைகாசிப் பூரணை இலங்கையில் பொது விடுமுறை ஆயிற்று. அவ்வாண்டே பௌத்தக் கொடியும் உருவாயிற்று. கொழும்புக் குழுவினர் அமைத்த நீண்ட கொடியை, ஏனைய நாட்டுக் கொடிகளின் அளவில் அமைக்குமாறு யோசனை கூறியவர் ஆல்காட். 1886 நவம்பரில் கொழும்பில் தொடங்கிய ஆங்கிலப் பௌத்தப் பள்ளியே ஆனந்தக் கல்லூரியாக வளர்ந்தது. கண்டியில் தர்மராஜக் கல்லூரியும் காலியில் மகிந்தக் கல்லூரியும் தோன்றின. 1889-இல் ஜப்பான் சென்றார். இலங்கை, பர்மா, ஜப்பான் பௌத்தர்கள் பொதுவாக ஒப்பும் பதினான்கு கொள்கைகளை 1891-இல் தொகுத்தார்.

தமிழகத்தில்

இலங்கைப் பணியின் நடுவே, 1881 அக்டோபரில் சிங்களப் பௌத்தர் சிலரை அழைத்துக்கொண்டு திருநெல்வேலிக்கு வந்து, கோயில் வளாகத்தில் தென்னங்கன்று ஒன்றை நட்டார். கடலால் பிரிந்த இரு மக்களின் நட்புக்கு அடையாளமாக நட்ட கன்று அது. இலங்கையில் தமிழரும் சிங்களரும் பிற்காலத்தில் பட்ட துன்பங்களை அறிந்த நமக்கு, அந்தக் கன்றை நினைக்கும்தோறும் நெஞ்சம் கனக்கின்றது.

1882 டிசம்பரில் பிரம்மஞான சங்கத்தின் தலைமையகம் பம்பாயிலிருந்து சென்னை அடையாற்றுக்கு மாறியது. அதுமுதல் அடையாறே ஆல்காட்டின் வீடு. வெண்ணிற இந்திய உடையும் நீண்ட வெண்தாடியுமாக அவர் தோற்றமே மாறியது. 1886 டிசம்பரில் அங்கு நூல் நிலையம் திறந்து, அழிந்துகொண்டிருந்த ஓலைச்சுவடிகளைத் திரட்டினார். கற்றோரும் உயர்சாதியாரும் அவரைக் கொண்டாடினர். வங்கத்துப் பெரும்புலவர் தாராநாத தர்க்கவாசஸ்பதி, தாம் பௌத்தர் என்று அறிவித்திருந்த அவருக்கே பூணூல் அணிவித்துத் தம் கோத்திரத்திலும் சேர்த்துக்கொண்டார்.

வேறொருவராயின் இத்துடன் நிறைவடைந்திருப்பர். பூணூலே கிடைத்துவிட்டது, இனி இந்நாட்டாரோடு கலக்க வேறென்ன வேண்டும்? இங்கேதான் அன்பர்கள் ஊன்றிச் சிந்திக்க வேண்டும். நம் நாட்டில் ஊர் ஒன்றாகவா இருந்தது? ஊர் என்றும் சேரி என்றும் இரண்டாக அல்லவா பிளந்து கிடந்தது! கடல் கடந்து வந்த வெள்ளையனுக்குக் கோத்திரம் கொடுத்தவர்கள் இருந்தனர். பக்கத்துச் சேரியில் பிறந்த தமிழனுக்குத் தெருவில் நடக்க உரிமை கொடுத்தோர் அரியர். ஊரோடு ஒத்து வாழவேண்டும் என்னும் முதுமொழியை ஊரை மட்டும் கருதிக் கைக்கொள்வோன், அவ்வூரின் கொடுமைக்கும் உடன்பட்டவனாகின்றான்.

ஆல்காட் அடையாற்றின் மாளிகையில் பல்லாண்டு வாழ்ந்தபின், அதன் மதிலுக்கு அப்பால் இருந்த குடிசைகளை நோக்கினார். 1894-இல், பஞ்சமர் என்று அக்காலத்தார் ஒதுக்கிவைத்த மக்களின் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி ஒன்றைத் திறந்தார். பின்னர் தாமோதர் பள்ளி, பிளாவட்ஸ்கி நினைவுப் பள்ளி, திருவள்ளுவர் பள்ளி எனச் சென்னையில் மேலும் சில தோன்றின. தமிழ் எழுத்தும் கணக்கும் சிறிது ஆங்கிலமும் பிழைப்புக்கு உதவும் கைவேலையும் கற்பிக்கப்பட்டன. பிள்ளைகளை மதம் மாற்றுவது இப்பள்ளிகளின் நோக்கமாக இருத்தலாகாது என்பதில் அவர் உறுதியாயிருந்தார். இம்மக்களின் நிலையை உலகுக்கு எடுத்துக்காட்ட 1902-இல் ஒரு சிறு நூலும் எழுதினார்.

பண்டிதருடன் இலங்கைக்கு

1898-இல் பண்டித அயோத்திதாசர், தம் தோழர் கிருஷ்ணசாமியாருடன் ஆல்காட்டை நாடினார். தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட தமிழ்மக்கள் பழந்தமிழகத்துப் பௌத்தர்களின் வழிவந்தோர் என்பதும், பௌத்தத்தை விட்டுக்கொடாமையாலேயே தாழ்த்தப்பட்டனர் என்பதும் பண்டிதர் கண்ட முடிபு. முன்னோரின் அறத்துக்கு மீளவேண்டும். அதற்கு வழிகாட்டுங்கள் என்பதே அவர்தம் வேண்டுகோள்.

ஆல்காட் அவர்களுக்குத் தாம் பதினெட்டு ஆண்டுகட்கு முன் நடந்த வழியையே காட்டினார். அவ்வாண்டு ஜூலையில் இருவரையும் அழைத்துக்கொண்டு கொழும்புக்குச் சென்றார். வித்தியோதயத்தில் சுமங்கல மகாநாயக தேரர் அவர்களுக்குத் திரிசரணமும் பஞ்சசீலமும் அளித்தார். திரும்பி வந்த பண்டிதர் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அந்த விளக்கிலிருந்து ஏற்றப்பட்ட விளக்குகள் கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் உழைத்தோரிடையேயும், கடல் கடந்து சென்ற தமிழரிடையேயும் ஒளிவிட்டன.

இந்நிகழ்ச்சியில் ஆல்காட்டின் இடம் யாது? பண்டிதருக்கு அறிவு புகட்டியவர் அவரல்லர். பண்டிதர் தம் ஆராய்ச்சியால் தாமே உணர்ந்தவர். சீலம் அளித்தவரும் அவரல்லர், அளித்தவர் மகாநாயகர். இடையில் நின்று கதவைத் திறந்துவிட்டவர் ஆல்காட். விருந்தினராக வந்த ஒருவர் ஒரு வீட்டுக்குச் செய்யக்கூடிய சிறந்த உதவி, அந்த வீட்டிலேயே பூட்டிவைக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவிடுதல் அன்றோ!

குறைகள்

இனிக் குறைகளையும் நோக்குவோம். ஆல்காட் பௌத்தரோடு கலந்தாரெனினும் தாம் வளர்ந்த முறைகளைக் கைவிட்டாரில்லை. வினாவிடை நூல், ஞாயிற்றுப் பள்ளி, சங்கம், நிதி, கூட்டத் தீர்மானம் ஆகியவையெல்லாம் பாதிரிமாரிடம் கண்ட முறைகளே. அவற்றால் பௌத்தம் வலுப்பெற்றது உண்மை. அதே வேளையில், தாம் ஏட்டில் கற்ற பௌத்தமே தூயது, மக்களின் வழிபாட்டில் உள்ளவை பின்னர் சேர்ந்த தூசு என்னும் எண்ணமும் அவரிடம் இருந்தது.

இதனால் விளைந்த துன்பம் அவர்தம் முதுமையில் வெளிப்பட்டது. கண்டியில் மக்கள் உயிரினும் மேலாகப் போற்றும் தந்ததாதுவைப் பற்றி அவர் ஐயமுற உரைத்தது தர்மபாலரின் உள்ளத்தைப் புண்படுத்தியது. 1905-ஆம் ஆண்டையொட்டி இருவரும் பிரிந்தனர். அன்று மாட்டு வண்டியில் உடன் சென்று மொழிபெயர்த்த மாணவரே இன்று எதிர்நின்றார். சுமங்கல தேரருடனும் அக்காலத்தில் மனவேறுபாடு எழுந்து பின்னர் தணிந்தது. ஒரு மக்களோடு இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்தவரும், அவர்கள் பூசிக்கும் பொருளைப் பற்றிப் பேசும்போது, பிறந்த மண்ணின் கண்ணாலேயே பார்த்துவிடலாம். நீண்ட உழைப்பு உரிமை தரும். ஆனால் பணிவிலிருந்து விடுதலை தராது.

இதற்காக அவரைத் தூற்றுவோரும் உளர். நாம் அவ்வாறு செய்யோம். மெய்யென்று தமக்குத் தோன்றியதை மறையாமல் உரைத்தவர் அவர். வேடமிட்டு வாழ்ந்திருந்தால் இச்சண்டையே நேர்ந்திராது. அந்த உறவும் மெய்யுறவாய் இருந்திராது.

இறுதி நாட்கள்

1906-இல் தம் பிறந்த நாட்டுக்குக் கடைசி முறையாகச் சென்றார். திரும்பும் வழியில் கப்பலில் தவறி விழுந்து பலத்த காயமுற்றார். எழுபத்து நான்கு வயது முதியவர். அமெரிக்காவிலிருந்து புறப்பட்ட அவர், அந்நிலையிலும் அடையாற்றுக்கே வந்து சேர்ந்தார். 1907 பிப்ரவரி 17-ஆம் நாள் அங்கேயே உயிர் பிரிந்தது. அவர் உடல்மீது இரண்டு கொடிகள் போர்த்தப்பட்டன. ஒன்று அமெரிக்க நாட்டுக் கொடி. மற்றொன்று அவர் உருவாக்கத் துணைநின்ற பௌத்தக் கொடி. இந்நாட்டு வழக்கப்படி அடையாற்றிலேயே தகனம் நிகழ்ந்தது.

அவர் மறைந்த நான்கு மாதங்களில், 1907 ஜூன் 19-ஆம் நாள், அயோத்திதாசப் பண்டிதர் ஒரு பைசாத் தமிழன் என்னும் வார இதழைத் தொடங்கினார். திறந்துவிட்ட கதவின் வழியே உள்ளிருந்தோர் வெளிவந்து, தம் குரலில் தாமே பேசத் தலைப்பட்டனர். கொழும்பு கோட்டை ரயில் நிலையத்தின் முன் ஆல்காட்டின் சிலை 1967 முதல் நிற்கிறது. அடையாற்றுப் பகுதியில் அவர் தொடங்கிய பள்ளி அவர் பெயரையே தாங்கி வழங்குகிறது. இரண்டனுள் அவர் எதைப் பெரிதாக மதித்திருப்பார் என்று கேட்டால், பள்ளியையே என்று சொல்லத் தோன்றுகிறது.

நாம் கற்பது

அந்த இரண்டு கொடிகளே நம் வினாவுக்கு விடை. பௌத்தரோடு கலந்தமையால் அவர் அமெரிக்கர் அல்லாதவர் ஆகிவிடவில்லை. அமெரிக்கராகவே இருந்தமையால் பௌத்தரோடு கலவாதவராகவும் இல்லை. வெர்ஜீனியாவில் உடையால் கலந்தவர், காலியில் சீலத்தால் கலந்தார். உடையால் கலந்தது ஒரு நாள் நின்றது. சீலத்தால் கலந்தது நூறாண்டு கடந்தும் நிற்கிறது.

காஞ்சன்பாக்கிலும் பிற இடங்களிலும் வாழும் தமிழ்ப் பௌத்தர்களே! நாம் தெலுங்கு கற்போம், உருதும் கற்போம், ஊராரின் உணவையும் விழாவையும் மதிப்போம். ஆனால் அதனோடு அமையாதிருப்போம். வேலை கிடைக்கவும் வாடகைக்கு வீடு கிடைக்கவும் நம் பிறப்பையும் நம் அறத்தையும் மறைத்துப் பேசும் பழக்கம் நம்மிடையே உண்டு. அஃது எக்காரணத்தால் வந்தது என்பதையும் அறிவோம். மறைப்பவனைக் காட்டிலும், மறைக்கவேண்டிய நிலைக்கு அவனைத் தள்ளியவரிடமே பெருங்குற்றம். எனினும் மறைவில் வாழும் வாழ்வில் அச்சம் ஒருநாளும் நீங்காது. சீலத்தோடும் பெயரோடும் நேர்நின்று, அண்டை வீட்டாரின் துன்பத்துக்கு முதலில் ஓடும் கையாக இருப்போமாயின், ஊரார் நம்மை ஏற்பது தாமதமாயினும் மெய்யாக ஏற்பர்.

ஒன்றை மட்டும் மறவாதிருங்கள். புதிய ஊருக்குச் சென்றவுடன் அவ்வூரில் உயர்ந்தோர் யாவர் என்று வினவுவது உலக இயல்பு. அவ்வூரில் ஒதுக்கப்பட்டோர் யாவர், அவர்கள் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு உண்டா என்று வினவுவது தம்ம இயல்பு. அமெரிக்காவில் பிறந்த ஆல்காட் அந்த இரண்டாவது வினாவை வினவியதனாலேயே நமக்கு உறவானார்.